நாளைக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

சத்தியம், தாயி! நான் சொல்லப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்! தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் சத்தம் போட்டுச் சொல்கிறேன். கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணியிருப்பேன், வீட்டில் கற்பூரம் தீர்ந்துபோயிற்று. கொசுவத்திச் சுருள் இருக்கிறது, அதை வேண்டுமானால் அணைக்கட்டுமா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எழுதாதீர்கள். முதலில் பேனாவை மூடுங்கள். சேரைக் கிட்டே இழுத்துப் போடுங்கள். சத்தியம் பண்ணுவது தெருவுக்குக் கேட்கலாம், சொல்வது கேட்கக் கூடாது.

நீங்கள் யார் என்று நான் கேட்கவே வேண்டாம். பச்சை ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது, புதிதாக வந்திருக்கிற நன்னடத்தை அலுவலர் என்று. எங்கள் தெருவுக்கு நாலாவது தடவையாக வருகிற ஃபைல் அது. ஆயுள் கைதி தெய்வேந்திரனைப் பரோலில் அனுப்பலாமா, அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை உண்டா. அதுதானே? ஜெயிலில் அத்தனை அதிகாரிகள் இருக்கிறார்கள். ராத்திரி பகல் அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதாம். எழுபத்தாறு வயதுக் கிழவன், கண்ணில் புரை விழுந்தவன், எனக்குத் தெரியுமாம்.

டீக்கடைக்காரன் உங்களிடம் என்ன சொல்லியனுப்பினான் என்பதும் தெரியும். ‘அளப்பு சீனிச்சாமிகிட்டயா போறீங்க? ஒரு மணி நேரம் போயிரும்.’ சொன்னானா இல்லையா? நான் அளப்பேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன். நான் உட்கார்ந்திருக்கிற இந்தச் சீட்டு என் கடைசி லாரியின் சீட்டு, வண்டியை உடைத்தபோது கழற்றி வாங்கி வந்து வாசலில் போட்டுக்கொண்டேன். கௌஹாத்திப் பக்கம் பேட்டரி இறங்கி நின்ற என் வண்டியை ஒரு யானை பின்னாலிருந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தது. நம்ப மாட்டீர்கள். சரி, விடுங்கள். அந்த யானை பிறகு வரும்.

அதோ எதிரே நீலக் கதவு தெரிகிறதா? தையல் மிஷின் சத்தம் கேட்கிறதா? கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தைப்பவள் தெய்வேந்திரன் பெண்டாட்டி பவுன்தாய். நைட்டியும் பாவாடையும் மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுக்கிறாள். மிஷின் ஏன் நடுநடுவே நிற்கிறது என்று பின்னால் சொல்கிறேன். இரண்டு பேருமே எனக்குச் சொந்தமில்லை. தெருமுறையில் அவன் என்னைச் சித்தப்பா என்பான், அவள் மாமா என்பாள்.

அவன் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். விட்ட சைக்கிளில் காற்று இறங்கியிருந்ததாம். ஆள் சாகவில்லை, ஆனால் இன்றுவரை தன் பேரை யோசித்துத்தான் சொல்கிறான். அதற்கு மூன்று வருஷம். வெளியே வந்தான். வந்த ஆறாவது மாதம் பவுன்தாயின் அண்ணன் சோலைமணி, ‘ஏன் மாப்ள எந்தங்கச்சியப் போட்டு அடிக்கிற’ என்று கேட்க வந்தான். நல்ல பையன், தாயி. அந்த வீடே அவன் தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்ததுதான். வாசலில் நின்று கேட்டான். கேட்டவன் திரும்பிப் போகவில்லை. அந்தக் கதவு அப்போது வெள்ளை. அவள் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. நீலம் அடித்துவிட்டாள்.

ஆயுள் தண்டனை என்றார்கள். தெருவே அப்பாடா என்று மூச்சு விட்டது. ஆயுள் என்றால் ஆயுள் என்று நினைத்துக்கொண்டோம். எங்களுக்கு என்ன தெரியும்?

மூன்று வருஷம் கழித்து இந்தப் பச்சை ஃபைல் முதல் தடவையாக வந்தது. உங்களுக்கு முன்னால் இருந்தாரே ஞானப்பிரகாசம் சார், அவர் கொண்டுவந்தார். தங்கமான மனுஷன், ஆனால் உலகம் தெரியாதவர். அயர்ன் வண்டி வீராச்சாமியிடம் கேட்டார். வீராச்சாமி நேர்மையான ஆள், ‘வேண்டாம் சார், அவன் வந்தா யாரையாச்சும் ஏதாச்சும் பண்ணுவான்’ என்றான். எழுதிக் கொடுப்பாயா என்றார். கொடுத்தான். யாருக்கும் தெரியாது, ரகசியமாக இருக்கும் என்றார். பரோல் இல்லை என்று ஆகிவிட்டது. நல்லதுதானே? நல்லது. ஆனால் இல்லை என்று ஆர்டர் போட்டார்கள் பாருங்கள், அதில் காரணம் எழுதவேண்டுமாம். எழுதினார்கள். ‘அண்டை வீட்டுக்காரர் வீராச்சாமி என்பவர் ஆட்சேபணை தெரிவித்துள்ளபடியால்.’ அந்த ஆர்டருக்கு ஒரு நகல் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்கள். சட்டமாம். கைதிக்கு நகல் கொடுக்கவேண்டுமாம்.

அவன் அதை மடித்து வைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் மறுபடி ஃபைல் வந்தது. இப்போது தெருவில் ஒருத்தன் வாயைத் திறக்கவேண்டுமே? ஞானப்பிரகாசம் சார் ஒவ்வொரு வீடாகப் போனார். வாசலுக்குள் இழுத்துவைத்து, ‘அவனை விட்ராதீங்க சார்’ என்று காதில் சொல்வார்கள். வெளியே வந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போடுவார்கள். ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லை, தாயி. ஒருத்தனுக்கும். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

நானா? நானும் போட்டேன். எல்லாரும் போட்டபிறகு நான் மட்டும் என்ன செய்ய? ஆனால் அதோடு விட்டிருக்கலாம். அங்கேதான் அந்த ஞானப்பிரகாசம் சார் என்னைக் கெடுத்தார். மற்ற வீடுகளில் நின்றபடி கேட்டவர், இங்கே உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். தாயி, இந்தத் தெருவில் என் பேச்சை அரை டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் ஒருத்தனும் கேட்டதில்லை. இவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறார்! ‘சின்ன வயசுல ஆள் எப்படி?’ என்று கேட்டார். நான் சொன்னேன், பத்து வயதில் கமலைக் கிணற்றுக்குள் குதித்து ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தான் என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். ‘அப்படியா?’ என்றார். அந்த ‘அப்படியா’ இருக்கிறதே, அதற்கு ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? கன்றுக்குட்டிக்குப் பின்னாலேயே ஒரு குழந்தையும் விழுந்தது, அதையும் அவனே தூக்கினான் என்று சொன்னேன். ஒரு தோளில் கன்று, ஒரு தோளில் குழந்தை.

எழுதிவிட்டார்! நாற்பதடிக் கிணற்றில் பத்து வயதுப் பையன் இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு எந்தக் கையால் கயிற்றைப் பிடித்து ஏறினான் என்று யோசிக்கவேண்டாமா? படித்த மனுஷர், அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர். நான் அளப்பேன், என் குணம் அது. அளந்து பார்த்து எழுதுவது அவர் வேலை இல்லையா? ‘சிறு வயது முதலே உயிர்களிடத்தில் இரக்கம் உள்ளவர்’ என்று ரிப்போர்ட்டில் போட்டாராம். பிறகு அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆறு நாள் பரோல் கிடைத்தது. வந்தான். நேரே வீராச்சாமியின் அயர்ன் வண்டிக்குப் போனான். மடித்து வைத்திருந்த நகலைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். படித்துவிட்டு, ‘எந்தக் கையால எழுதுன?’ என்று கேட்டான். அவ்வளவுதான், மேலே நான் சொல்லவில்லை. வீராச்சாமி ஆஸ்பத்திரியில் வேலையின்போது சூடு பட்டுவிட்டது என்று சொன்னான். அயர்ன்காரன் கையில் அயர்ன் சூடு பட்டால் எந்த டாக்டர் சந்தேகப்படுவார்? இப்போது இடது கையால் தேய்க்கிறான். மடிப்பு சரியாக வராது. யாரும் குறை சொல்வதில்லை.

அதே நாள் என் வீட்டுக்கும் வந்தான். நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். வந்தவன் குனிந்து என் காலைத் தொட்டான். ‘சித்தப்பா, நீங்க சொன்ன கதைய ஜெயில் ஆபீசரு எனக்கே வாசிச்சுக் காட்டுனாரு. நானே கண்ணு கலங்கிட்டேன்’ என்றான். ஜெயிலில் நெய்த துண்டு ஒன்று கொடுத்தான். இதுதான். என் தோளில் கிடப்பது. தொட்டுப் பாருங்கள். ஐந்து வருஷமாகத் துவைக்கிறேன், ஒரு நூல் பிரியவில்லை. வேலை செய்தால் அவன் நன்றாகத்தான் செய்வான்.

ஆறாம் நாள் சொன்ன நேரத்துக்கு ஜெயிலுக்குத் திரும்பிவிட்டான். அதுதான் முக்கியமாம், தாயி. வெளியே என்ன செய்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. மணிக்குத் திரும்பினானா, திரும்பினான். நல்ல கைதி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூன்றாவது தடவை. இந்தத் தடவை பதினைந்து நாள், வழிக்காவல் போலீஸ்கூட இல்லாமல். அவனுடைய ஆத்தா வீட்டில், இரண்டு தெரு தள்ளி, தங்கவேண்டும். நீலக் கதவுப் பக்கம் போகக் கூடாது. தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். ஜாமீன்தாரராக ஒரு ஆள் வேண்டும். யார் நிற்பார்கள்? யாரும் நிற்கவில்லை. அவன் ஆத்தா என் வாசலில் வந்து உட்கார்ந்தது. துண்டு வாங்கின தோள், எப்படி மறுக்க? நின்றேன்.

ஜாமீன்தாரன் என்பதால் தினம் நானும் கூடப் போனேன். ஒழுங்காகச் செய்யவேண்டும் பாருங்கள், ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால். ஸ்டேஷன் ரைட்டர் முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள் நான் நாக்பூர் கதை ஒன்று சொன்னேன், சிரித்தார். அதன்பிறகு நான் போனாலே, ‘வாய்யா பெருசு, இன்னைக்கு என்ன கதை?’ என்பார். பெஞ்சில் உட்காரவைப்பார். டீ வாங்கித் தருவார். ஒன்பதாம் நாள் யானையை எடுத்துவிட்டேன். யானை தும்பிக்கையை டெயில் போர்டில் வைத்து, ‘ஏலேலோ’ போடாத குறையாகத் தள்ளுகிற இடம் வந்ததும் ரைட்டருக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர். நோட்டைத் தெய்வேந்திரன் பக்கம் தள்ளிவிட்டு, ‘நாளைக்குத் தேரு. எல்லாருக்கும் பந்தோபஸ்து, ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா இருக்காது. நாளைக்கும் சேத்து இன்னைக்கே போட்டுட்டுப் போடா’ என்றார்.

அவன் போட்டான். அடுத்த நாள் தேதிக்கு நேரே, காலை 10.05 என்று மணியும் அவனே எழுதினான். என் கண்ணால் பார்த்தேன். புரை விழுந்த கண்தான், ஆனால் பார்த்தேன்.

வெளியே வந்ததும், ‘சித்தப்பா, நாளைக்கு நீங்க அலையவேணாம். வீட்டுல இருங்க’ என்றான். மரியாதையான பையன்.

சாயந்தரம் பவுன்தாய் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். எனக்கு மனசு கொள்ளவில்லை. ரைட்டரையே சிரிக்கவைத்துவிட்டு வந்திருக்கிறேன், யாரிடமாவது சொல்லவேண்டாமா? யானையை முழுசாகச் சொன்னேன். ரைட்டர் சிரித்த சிரிப்பில் நாளைய கையெழுத்தையும் இன்றைக்கே வாங்கிக்கொண்டார் என்றும் சொன்னேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். ‘அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு அவரு எங்க இருப்பாரு, மாமா?’ என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். இவ்வளவு நல்ல யானைக் கதை சொல்லியிருக்கிறேன், அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இதைக் கேட்கிறாளே என்று.

மறுநாள் தேர். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. நான் இதே சீட்டில் உட்கார்ந்திருந்தேன், முழங்கால் வலி, கூட்டத்தில் போகமுடியாது. அவளும் போகவில்லை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் ஓடு பிரிகிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். மிஷின் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவள் கத்தினாள்.

எழுந்தேன், தாயி. உடனே எழுந்தேன். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். வயசானவனுக்குத் தொண்டை வறண்டுவிடும். சட்டென்று ஓட முடியாது, டாக்டரே சொல்லியிருக்கிறார். திரும்ப வாசலுக்கு வந்தபோது அவன் நீலக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். கையில் துணி வெட்டுகிற கத்திரிக்கோல். அதை அவள் வாசலிலேயே வைத்தான், இரவல் வாங்கினதைத் திருப்பி வைக்கிற மாதிரி. என்னைப் பார்த்தான். ‘வெயில்ல உக்காராதீங்க சித்தப்பா’ என்றான். போய்விட்டான்.

இடது கையில் இரண்டு விரல். சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும். துணியை நகர்த்திக் கொடுக்கிற கை அது. அதனால்தான் மிஷின் ஓடி ஓடி நிற்கிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் நிறுத்தி, வலது கையால் துணியைத் திருத்தி, மறுபடி ஓட்டவேண்டும். கேளுங்கள்... கடகடகட... நின்றுவிட்டதா? அதுதான்.

அவள் கேஸ் கொடுத்தாள். கொடுத்தால்? பத்து அஞ்சுக்கு அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று நோட்டு சொல்கிறது. ஸ்டேஷனில் இருந்தவன் இங்கே எப்படி வந்து விரலை வெட்டுவான்? ரைட்டர் உண்மையைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். அவர் எப்படிச் சொல்வார்? பவுன்தாய், கையில் இத்தனை பெரிய கட்டோடு, இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று சொன்னாள், ‘அந்தக் கையெழுத்து முந்தின நாளே போட்டது சார். சீனிச்சாமி மாமா கூட இருந்தாரு. அவரே எங்கிட்டச் சொன்னாரு.’

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் தலையை நோட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் தினம் உட்கார்கிற பெஞ்சில் தெய்வேந்திரன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

‘ஏன்யா, ரெண்டு நாள் கையெழுத்த ஒண்ணாப் போட்டான்னு இந்தம்மாகிட்டச் சொன்னியா?’ என்றார் இன்ஸ்பெக்டர்.

பவுன்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன், ‘சும்மா அளந்தது சார். யானைக் கதை சொன்னேன்ல, அத மாதிரி.’

நம்பிவிட்டார்கள், தாயி! அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எழுபது வருஷமாக நான் பேசுகிறேன். ‘மழை வரும்போல இருக்கு’ என்று சொன்னால்கூட வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். அன்றைக்கு ஒரே வார்த்தை, மறு கேள்வி கிடையாது. ‘அளப்பு சீனிச்சாமியா? அட, இந்தாளு பேச்சையா கேட்டுட்டு வந்தீங்கம்மா?’ என்று ஏட்டையா சிரித்தார். ரைட்டர் சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவனும் சிரித்தான். ஒரு அதிகாரி இப்படியா நம்புவது? குறுக்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? மிரட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். இல்லை, நோட்டையாவது முகர்ந்து பார்த்திருக்கலாம். ஒன்றுமில்லை. தையல் மிஷினில் கவனக்குறைவால் விரல் போயிற்று என்று எழுதி முடித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வெளியே வந்து, ‘மாமா, வெயிலா இருக்கு, ஆட்டோவுல போயிருங்க’ என்றாள்.

அவன் பதினைந்தாம் நாள் ஜெயிலுக்குத் திரும்பினான். அரை மணி நேரம் முன்கூட்டியே. உங்கள் ஃபைலில் இருக்குமே? ‘குறித்த நேரத்தில் சரணடைந்தார், நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.’ இருக்கிறதா? தெரியும். அதை எழுதியவர்களை நிற்கவைத்துக் கேட்கவேண்டும். மனசாட்சி வேண்டாமா, தாயி, ஒரு மனுஷனுக்கு?

இப்போது நாலாவது தடவை. என்ன காரணம் எழுதியிருக்கிறான்? வீடு பழுது பார்க்க. அதே வீடு. பழுது பார்க்கவேண்டும் என்று அவன் கேட்டால், அந்த வீடு யாருடையது, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிற ஆள் அங்கே யாருமே இல்லையா? இருபத்தொரு நாள் கேட்டிருக்கிறான். நேற்று பவுன்தாய் ஒரு கடுதாசி கொண்டுவந்து காட்டினாள், ஜெயிலிலிருந்து போட்டது. ஜெயிலிலேயே படித்துப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். படித்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல கையெழுத்து. ‘வீட்டுல என்னென்ன ஒடஞ்சிருக்குன்னு பாத்து வை. ஒடையாதது என்னன்னும் பாத்து வை.’

‘எங்கயாச்சும் போயிரேன், தாயி’ என்றேன். ‘இது எங்கண்ணன் வாங்கிக் குடுத்த வீடு, மாமா. அவன் செத்த வாசல விட்டுட்டு நான் எங்க போவேன்?’ என்றாள். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். ‘நாளைக்குப் புது ஆபீசரு வர்றாங்களாம். பொம்பளையாம். நான் எழுதிக் குடுத்தா புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு ஒதுக்கிருவாங்க. தெருவுல வேற ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, எழுதிக் குடுத்தாப் போதும்னு வக்கீலு சொல்றாரு. அந்தக் கையெழுத்தப் பாத்தது நீங்க மட்டுந்தான், மாமா. இந்தத் தடவ அவரு வந்தா நான் இருக்கமாட்டேன்.’

அழவில்லை, தாயி. கரண்டு பில் கட்டச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சத்தியமா மாமா என்றாள். சத்தியம் என்றேன். வீட்டில் கற்பூரம் ஏன் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? நேற்று அவள் முன்னால் கொளுத்தி, இந்தக் கையால் அடித்து அணைத்துத்தான் தீர்ந்தது. பாருங்கள், உள்ளங்கையில் கறுப்பு. அளப்பு இல்லை.

அதனால்தான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். என் பங்கு முடிந்தது. இனி உங்கள் பாடு.

எதற்குப் பேனாவைத் திறக்கிறீர்கள்? நானா? என் பேரிலா? தாயி, இவ்வளவு நேரம் என்ன கேட்டீர்கள்? ரகசியமாக இருக்கும் என்கிறீர்கள். வீராச்சாமியிடமும் இதைத்தான் சொன்னார்கள். நகல் கொடுக்கமாட்டோம் என்று உங்களால் சொல்லமுடியுமா? என் வீடு எதிர்வீடு. நான் ஒண்டிக்கட்டை. தோளில் கிடக்கிற துண்டு அவன் கொடுத்தது. பேர் போடாமல் எழுதமுடியாதா? ‘தெருவாசிகள் சிலர்’ என்று போடமுடியாதா? பேரில்லாத வாக்குமூலம் செல்லாதா? என்ன சட்டமோ போங்கள். ஒரு பெண்ணின் உயிர் போகப்போகிறது, இவர்களுக்குப் பேர் வேண்டுமாம், விலாசம் வேண்டுமாம்.

நான் ஒரு வழி சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். தேர் அன்றைக்கு எத்தனை பேர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது, எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவன் ஒருத்தன் கையெழுத்துதான் இருக்கும். அதே பேனா, அதே மை, முந்தின நாள் மாதிரியே. ரைட்டர் அன்றைக்குப் பத்து மணிக்குத் தேரடியில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் நல்ல பேர் கிடைக்கும்.

அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டுமா? மாதக்கணக்கு ஆகுமா? ரிப்போர்ட் நாளைக்கே போகவேண்டுமா? அடப் போங்கள், தாயி.

சரி, அந்தப் படிவத்தைக் கொடுங்கள். என் பேருக்கு நேரே ஒன்றும் இல்லாவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும். ‘சித்தப்பா மட்டும் ஏன் எழுதவில்லை’ என்று யோசிப்பான். போன தடவை என்ன போட்டேனோ அதையே போட்டுவிடுகிறேன். ‘ஆட்சேபணை இல்லை’. இங்கேதானே? இந்தக் கோட்டுக்கு மேலேயா?

மிஷின் நின்றுவிட்டது.

திரும்பாதீர்கள். திரும்பாதீர்கள் என்கிறேன். கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். நான் எழுதுவதைத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும், இவ்வளவு தூரத்துக்கு என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. நீங்கள் கொஞ்சம் தலையை ஆட்டுங்கள், வாக்குமூலம் வாங்குகிற மாதிரி. ஆ, போட்டாயிற்று. சீனிச்சாமி. தேதி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கும்பிடுகிறாள், தாயி. மூணு விரலோடு இருக்கிற கையையும் சேர்த்து வைத்துக் கும்பிடுகிறாள்.

நீங்கள் போகிற வழியில் நிறுத்திக் கேட்பாள். பெரியவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். நம்பிக்கொள்வாள். இந்தத் தெருவில் என்னை ஒரு தடவைகூட அளப்பு என்று கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான். மற்றபடி நான் சொன்னது அத்தனையும் உண்மை, ஒரு எழுத்து மாறாது. எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.